பெட்டியில் 12 ஜிபி, உள்ளே 4 ஜிபி

என் தங்கை மகள் படிவம் 6இல் படிக்கிறாள். இடுபணி எழுதக் கணினி வேண்டும் என்று ஆண்டுத் தொடக்கத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். மடிக்கணினி வாங்கும் அளவுக்கு வீட்டில் வசதி இல்லை. தங்கை இணையச் சந்தையில் தேடித் துழாவி, 459 ரிங்கிட்டுக்கு 10 அங்குலத் தட்டைக்கணினி ஒன்றை வாங்கிவிட்டாள். விசைப்பலகை, சுட்டி, உறை எல்லாம் அந்த விலைக்குள்ளேயே அடக்கம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ‘ரேம் 12 ஜிபி’ என்று போட்டிருந்தது. “அண்ணே, உங்க லேப்டாப்லயே 8தானே இருக்கு, இதுல 12 இருக்கு” என்று பெருமையாகப் படம் அனுப்பினாள். மறுநாள் பிள்ளை அழைத்தாள். “மாமா, இதுல விண்டோஸ் போட முடியுமா? ஸ்கூல்ல எல்லாரும் வேர்ட்லதான் செய்றாங்க.”

பெட்டியைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். பக்கவாட்டில் பொடி எழுத்தில் ‘4+8’ என்று இருந்தது. விஷயம் இதுதான். கருவிக்குள் உண்மையில் பற்றவைத்திருக்கும் நினைவகம் 4 ஜிபி. மீதி 8 ஜிபி, படங்களையும் காணொளிகளையும் சேமித்து வைக்கும் இடத்திலிருந்து கடனாக எடுத்தது. ‘நினைவக விரிவாக்கம்’, ‘மெய்நிகர் ரேம்’ என்று விதவிதமான பெயரில் இதை விற்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அண்மையில் வாங்கிய மலிவு விலைத் தட்டைக்கணினி இருந்தால், அந்தக் கூட்டல் குறி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

விண்டோஸ் கேள்விக்கு அப்போதே பதில் சொல்லிவிட்டேன். அந்தக் கருவியில் முடியாது. அதன் சில்லு ஆண்ட்ராய்டுக்கென்று அமைந்தது; விண்டோஸுக்கு வேண்டிய இயக்கிகளை அதற்கு யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பிள்ளையின் கேள்விக்குப் பின்னால் இருந்த பெரிய கேள்வி என்னை விடவில்லை. குறைந்த நினைவகம் கொண்ட தட்டைக்கணினியில் மேசைக்கணினியின் இயங்குதளம், அது விண்டோஸோ லினக்ஸோ, நன்றாக ஓடுமா? ‘நன்றாக’ என்று நான் சொல்வது பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஒரு கட்டுரையை எழுதிக்கொண்டே இணையத்தில் நாலு பக்கங்களைத் திறந்து பார்க்க வேண்டும். இடையில் ஆசிரியர் அனுப்பிய காணொளியைப் போட்டால் கருவி உறைந்து நிற்கக் கூடாது. ஒரு மாணவருக்கு இவ்வளவு போதும்.

என் மேசை இழுப்பறையில் இதற்கு ஒரு சாட்சி கிடக்கிறது.

2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் ஓர் அறிவிப்பு செய்தது. 9 அங்குலத்துக்குக் குறைவான திரை உள்ள கருவிகளுக்கு விண்டோஸ் இலவசம். ஆண்ட்ராய்டும் ஐபேடும் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. இன்டெல்லும் தன் ஏட்டம் சில்லுகளை மலிவாக விட்டது. அந்த ஆண்டே எச்பி நிறுவனத்தின் ஸ்ட்ரீம் 7 என்னும் தட்டைக்கணினி 99 அமெரிக்க டாலருக்கு வந்தது. அதில் முழு விண்டோஸ் 8.1 இருந்தது, நினைவகம் 1 ஜிபி. அதைப் போலப் பல நிறுவனங்களும் வரிசையாக வெளியிட்டன. நானும் 2015இல் ஒன்றை வாங்கினேன். பெயர் எதற்கு? 10 அங்குலம், 2 ஜிபி நினைவகம், 32 ஜிபி சேமிப்பகம், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் விசைப்பலகை. பையில் போட்டுக்கொண்டு போகும் ‘முழுக் கணினி’ என்று நண்பர்களிடம் காட்டித் திரிந்தேன்.

இரண்டு வாரம் இனித்தது. பிறகு ஒரு நாள் கட்டுரை ஒன்றை எழுதிக்கொண்டு, உலாவியில் ஐந்தாறு பக்கங்களைத் திறந்தேன். எழுத்துகள் நான் தட்டி இரண்டு வினாடி கழித்துத் திரையில் வந்தன. பிறகு ஐந்து வினாடி. பிறகு சுட்டியே நகரவில்லை. தேநீர் கலக்கிக்கொண்டு வந்து பார்த்தபோது, நான் முன்பு தட்டியதெல்லாம் ஒரே மூச்சில் வந்து விழுந்துகொண்டிருந்தது.

ஏன் அப்படி என்று பார்ப்போம். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு உங்கள் வீட்டில் சமையல் நடக்கிறது என்று வையுங்கள். சமையல் மேடைதான் நினைவகம். பின்கட்டில் இருக்கும் பொருள் அறைதான் சேமிப்பகம். மேடையில் இருப்பதைக் கை நீட்டி எடுத்துக்கொள்ளலாம். மேடை நிரம்பிவிட்டால், ஒரு பாத்திரத்தைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் அடுத்ததை இறக்க முடியும். சற்று நேரத்தில் அந்தப் பாத்திரமே மறுபடி தேவைப்படும். மேடை மிகச் சிறியதாக இருந்தால் சமைப்பவர் சமைக்கவே மாட்டார், நடந்துகொண்டே இருப்பார். என் கருவி அன்று உறைந்து நிற்கவில்லை. நடந்துகொண்டிருந்தது.

அந்த நடையின் தூரம் எவ்வளவு தெரியுமா? நினைவகத்தில் உள்ள ஒரு தரவை எடுக்க ஏறக்குறைய 100 நானோவினாடி ஆகும். ஃபிளாஷ் சேமிப்பகத்தில் அதே வேலைக்கு 100 மைக்ரோவினாடிக்கு மேல் ஆகும். ஆயிரம் மடங்கு. ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை 16 மணி நேரத்துக்கு மேல் இழுப்பது போல. மலிவுத் தட்டைக்கணினிகளில் இருப்பது ஈஎம்எம்சி என்ற வகைச் சேமிப்பகம். அதன் வேகமான வடிவத்துக்கே வினாடிக்கு 400 எம்பிதான் மேல்வரம்பு. என்னுடைய ஏட்டம் சில்லின் நினைவகப் பாதை வினாடிக்கு 10.6 ஜிபி வரை தாங்கும். இரண்டையும் ஒரே தராசில் வைத்து ‘4+8=12’ என்று எழுதுகிறவரை என்ன சொல்வது? மேடையின் நீளத்தோடு பின்கட்டின் நீளத்தையும் கூட்டி, “எங்கள் வீட்டுச் சமையல் மேடை 12 அடி” என்று சொல்கிற கதைதான். இதில் இன்னொரு சேதமும் உண்டு. ஃபிளாஷ் சேமிப்பகத்தில் இத்தனை முறைதான் எழுதி அழிக்கலாம் என்று ஓர் ஆயுள் இருக்கிறது. ஓயாமல் நினைவகம்போல அதைப் பயன்படுத்தினால் அந்த ஆயுளும் கரையும்.

சரி, நினைவகம் குறைவு, அதனால் மெதுவாக ஓடுகிறது. இவ்வளவுதானா என்றால், இல்லை. என் இழுப்பறைச் சாட்சியை எதிர்த்து ஒரு சாட்சி இருக்கிறது.

2010இல் வந்த முதல் ஐபேடில் எவ்வளவு நினைவகம் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? 256 எம்பி. என் கருவியில் இருந்ததில் எட்டில் ஒரு பங்கு. ஆனாலும் அது வழுக்கிக்கொண்டு ஓடியது; பயன்படுத்திய எவரும் அதை மெதுவானது என்று அன்று சொல்லவில்லை. 2013இல் கூகுள் வெளியிட்ட ஆண்ட்ராய்டு 4.4, 512 எம்பி உள்ள கருவிகளிலும் ஓட வேண்டும் என்றே செதுக்கப்பட்டது. எட்டில் ஒரு பங்கு வைத்துக்கொண்டு ஒன்று பறக்கிறது, எட்டு மடங்கு வைத்துக்கொண்டு மற்றொன்று தவழ்கிறது என்றால், அளவு மட்டும் காரணமாக இருக்க முடியாது.

என் கருத்தில் காரணம் ஓர் ஒப்பந்தம். கைப்பேசி, தட்டைக்கணினி இயங்குதளங்களில் ஒவ்வொரு செயலியும் நுழையும்போதே ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்படுகிறது. “உன்னை எந்த நேரத்திலும் கேட்காமல் நிறுத்திவிடுவேன். நீ எந்த இடத்தில் இருந்தாய் என்பதைக் குறித்து வைத்துக்கொள். திரும்பக் கூப்பிடும்போது அங்கிருந்து தொடங்கு.” நீங்கள் ஒரு செயலியிலிருந்து வேறொன்றுக்குப் போனதும் முதலாவது பின்னணியில் ஓடுவதாகத் தோன்றும். பல நேரங்களில் அது ஏற்கெனவே அகற்றப்பட்டிருக்கும். நீங்கள் திரும்பும்போது தன் குறிப்பைப் பார்த்து மறுபடி எழுந்து நிற்கும். சமையல்காரர் பாத்திரங்களைப் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. மேடையைத் துடைத்துவிட்டு அடுத்த பலகாரத்தைத் தொடங்கிவிடுகிறார்.

மேசைக்கணினி உலகில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. நீங்கள் திறந்து வைத்த மென்பொருளை நீங்கள் மூடும்வரை வைத்திருப்பது இயங்குதளத்தின் கடமை. பாதி எழுதிய கட்டுரையை இயங்குதளம் தானாக மூடிவிட்டால் நீங்கள் அதைத் திட்டுவீர்கள். கணினி கெட்டுவிட்டது என்பீர்கள். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் அது பின்கட்டுக்கு நடக்கிறது. மேசைக்கணினியின் அருமையே இந்த வாக்குதான். பத்து சாளரங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, மதிய உணவுக்குப் போய்விட்டு வந்து, விட்ட இடத்தில் தொடரலாம். அந்த அருமைக்கு உரிய விலை நினைவகத்தில் கொடுக்கப்படுகிறது. விலையைக் கொடுக்காமல் பொருளைக் கேட்டால் கிடைக்காது. 2014இல் தயாரிப்பாளர்கள் செய்தது அதுதான்: ஐபேடின் உடம்பில் மேசைக்கணினியின் வாக்குறுதியை ஏற்றினார்கள்.

‘குறைந்தபட்சத் தேவை’ என்று இயங்குதளத் தயாரிப்பாளர் போடுகிற எண்ணை நம்பி வாங்கியவர்கள்தாம் இதில் அதிகம் ஏமாந்தவர்கள். விண்டோஸ் 95க்கு 4 எம்பி. 2001இல் வந்த எக்ஸ்பிக்கு 64 எம்பி. 2009இல் விண்டோஸ் 7இன் 32 பிட் வடிவத்துக்கு 1 ஜிபி. அதற்குப் பிறகு வந்த 8க்கும் 10க்கும் அதே 1 ஜிபி. 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு 4 ஜிபி. இந்த எண்கள் பொய் இல்லை. இயங்குதளம் நிறுவப்பட்டு, திரையில் எழுந்து நிற்க அவ்வளவு போதும். எழுந்து நின்ற பிறகு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது அந்த எண்ணில் இல்லை. 2009க்கும் 2021க்கும் நடுவில் விண்டோஸின் எண் அசையாமல் இருந்தது. இணையப் பக்கங்கள் அசையாமலா இருந்தன?

இங்கே உலாவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு நினைவகத்தைத் தின்பது இயங்குதளத்தைவிட உலாவிதான். 2008இல் வந்த குரோம், ஒவ்வொரு தாவலையும் தனித்தனி இயக்கமாகப் பிரித்தது. ஒன்று விழுந்தால் மற்றவை விழாது. நல்ல ஏற்பாடு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் வேண்டும். 2018இல் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறை வெளிவந்ததும், ஒவ்வொரு இணையத்தளத்தையும் தனி அறையில் அடைக்கும் முறையைக் கூகுள் மேசைக்கணினிக் குரோமில் கொண்டுவந்தது. நினைவகச் செலவு 10 முதல் 13 விழுக்காடு கூடும் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். மறு ஆண்டு அதே பாதுகாப்பை ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுபோனபோது, கடவுச்சொல் போட்டு நுழையும் தளங்களுக்கு மட்டும், அதுவும் 2 ஜிபியாவது உள்ள கருவிகளுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டார்கள். கைக்கருவி எதை விட்டுக்கொடுத்து வேகமாக ஓடுகிறது என்பதற்கு இது ஒரு துப்பு.

திரையும் சேர்ந்து தின்கிறது. இதை யாரும் கடையில் சொல்வதில்லை. மலிவுக் கருவிகளில் வரைகலைக்குத் தனி நினைவகம் கிடையாது. இருக்கும் 2 அல்லது 4 ஜிபியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். 1280×800 புள்ளிகள் உள்ள திரையை நிரப்பும் ஒரு சாளரத்துக்கு, புள்ளிக்கு 4 பைட் வீதம் 4.1 எம்பி வேண்டும். 2560×1600 திரையில் அதுவே 16.4 எம்பி. மேசைக்கணினியில் சாளரங்கள் அடுக்கடுக்காக உயிரோடு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதியாவது இருக்கும். ஐந்து சாளரங்கள் என்றால் சிறிய திரையில் 41 எம்பி, பெரிய திரையில் 164 எம்பி. ஆகவே ‘2கே திரை’ என்று பெட்டியில் மின்னும் சொல், நினைவகம் குறைந்த கருவியில் வரவுக் கணக்கில் வராது.

என் பழைய கருவிக்குத் திரும்புகிறேன். அதன் விண்டோஸ் வாழ்க்கை முடிந்தது நினைவகத்தாலும் இல்லை, 32 ஜிபி சேமிப்பகத்தால். விண்டோஸ் 10இன் பெரிய புதுப்பிப்பு வரும்போதெல்லாம் இடம் இல்லை என்று சொல்லி, வெளியிலிருந்து ஒரு சேமிப்புக் குச்சியைச் செருகச் சொல்லும். 2019க்குப் பிறகு புதுப்பிப்புகளுக்கென்றே ஏறக்குறைய 7 ஜிபியை ஒதுக்கி வைக்கும் முறை புதிய கருவிகளுக்கு வந்தது. என்னுடையதில் அவ்வளவு காலி இடமே கிடையாது. இழுப்பறைக்குப் போய்விட்டது.

பிள்ளையின் அழைப்புக்குப் பிறகு அதை வெளியே எடுத்து, லினக்ஸ் போட்டுப் பார்த்தேன். “பழைய கருவியா? லினக்ஸ் போடு, பறக்கும்” என்று சொல்கிற நண்பர்கள் எல்லோருக்கும் உண்டு. அவர்கள் சொல்லாமல் விடுவது, போடுவதற்குள் வருகிற பாடு. என் கருவியில் இருப்பது 64 பிட் சில்லு. ஆனால் அதைத் தட்டி எழுப்பும் அடிப்படை மென்பொருள் 32 பிட். சுட்டெண் ஒவ்வொன்றும் 8 பைட்டுக்குப் பதில் 4 பைட்டில் அடங்கும் என்பதால் 32 பிட் விண்டோஸுக்கு நினைவகம் குறைவாகப் போதும். அதனால் தயாரிப்பாளர்கள் அப்படி அமைத்துவிட்டார்கள். விளைவு, பெரும்பாலான லினக்ஸ் நிறுவிகள் அந்தக் கருவியில் எழுந்திருக்கவே மாட்டா. லினக்ஸ் கருநிரல் 2014இலும் டெபியன் வெளியீடு 2015இலும் இந்தக் கலப்புக்கு வழி செய்தன. டெபியனைத்தான் போட்டேன். ஒரு சனிக்கிழமை முழுவதும் போனது. ஒலி வர இன்னும் ஒரு மாலை.

மெலிதான எல்எக்ஸ்கியூடி மேசைச் சூழலோடு எழுந்து நின்றபோது நினைவகத்தில் 400 எம்பிக்குச் சற்று மேல்தான் பிடித்திருந்தது. மகிழ்ச்சி! லிப்ரே ஆபிஸில் எழுதினேன்; தமிழ்99 விசைமுறை அமைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையின் முதல் பாதியைக்கூட அதில்தான் தட்டினேன். எங்கும் தடங்கல் இல்லை. பிறகு உலாவியைத் திறந்தேன். ஒரு செய்தித்தளம், மின்னஞ்சல், ஒரு காணொளி. மூன்றாவது தாவலில் பழைய நடை தொடங்கிவிட்டது.

இதற்கும் ஒரு மருந்து உண்டு, இசட்ரேம் என்று பெயர். பாத்திரத்தைப் பின்கட்டுக்குக் கொண்டுபோகாமல், அதிலுள்ளதை அமுக்கிச் சிறிய டப்பாவில் போட்டு மேடையிலேயே ஓரமாக வைப்பது. பெரும்பாலும் பாதி அளவுக்கோ மூன்றில் ஒரு பங்குக்கோ சுருங்கும். லினக்ஸ் கருநிரலில் 2014இல் சேர்ந்தது. விண்டோஸ் 10இலும் மேக்கிலும் இதே வகை ஏற்பாடு உண்டு. போட்டதும் நல்ல மாற்றம் தெரிந்தது. மூன்று தாவல் ஐந்தானது. ஆனால் அமுக்கவும் விரிக்கவும் சில்லு உழைக்க வேண்டும்; அந்தப் பழைய ஏட்டத்துக்கு அதுவே பெரிய சுமை. மருந்து நோயாளியின் வலுவைப் பொறுத்துத்தான் வேலை செய்கிறது.

மேசைக்கணினி உலகமே மெல்லக் கைப்பேசியின் வழிக்கு வந்துகொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஃபெடோரா லினக்ஸ் 2020இல், நினைவகம் தீரப் போகும்போது கருவி உறைவதற்கு முன்பே ஏதாவது ஒரு மென்பொருளைக் கொல்லும் காவலரை நியமித்தது. உலாவிகள் நீங்கள் தொடாத தாவல்களைத் தூங்க வைக்கின்றன. ஒப்பந்தம் மாறுகிறது. எனக்கு இதில் முழு மகிழ்ச்சி இல்லை. சேமிக்காத கட்டுரையோடு கொல்லப்பட்ட சாளரத்தைப் பார்த்தவருக்கு அது புரியும்.

பெரிய நிறுவனங்களும் இதே சுவரில் முட்டியிருக்கின்றன. உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் 2012இல், 1 ஜிபி நினைவகம் கொண்ட நெக்ஸஸ் 7 தட்டைக்கணினியில் தன் மேசைக்கணினிப் பதிப்பை ஏற்றியது. எங்கே எடை கூடியிருக்கிறது என்று கண்டுபிடித்துக் குறைப்பதுதான் நோக்கம். 2016இல் ஸ்பெயினின் பிக்யூ நிறுவனத்தோடு சேர்ந்து 2 ஜிபி தட்டைக்கணினி ஒன்றை விற்பனைக்கே விட்டது. விசைப்பலகையும் சுட்டியும் இணைத்தால் திரை சாளரங்களாக விரிந்து மேசைக்கணினி ஆகிவிடும். அருமையான எண்ணம். மறு ஆண்டு ஏப்ரலில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். தன்னார்வலர்கள்தாம் இன்று வரை அதைத் தூக்கிச் சுமக்கிறார்கள். ஆப்பிள் 2022இல் ஐபேடில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாளரங்களைப் பரப்பும் வசதியைக் கொண்டுவந்தபோது, முதலில் 8 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள எம்1 கருவிகளுக்கு மட்டுமே என்று அறிவித்தது. கூடவே, தேவைப்பட்டால் சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கி, அதிகம் கேட்கும் செயலிகளுக்கு மொத்தம் 16 ஜிபி வரை நினைவகம் கொடுக்கவும் ஏற்பாடு செய்தது.

“அப்படியானால் ஆப்பிளும் அந்தக் கூட்டல் வேலையைத்தானே செய்கிறது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. செய்கிறது. ஆனால் அதன் சேமிப்பகம் ஈஎம்எம்சியைவிடப் பல மடங்கு வேகமானது. அடியில் 8 ஜிபி உண்மை நினைவகம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, அது பெட்டியில் 16 ஜிபி என்று அச்சடிக்கவில்லை.

நம் நாட்டில் 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டம் இருக்கிறது. பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் கொடுத்து விற்பதை அது தடை செய்கிறது. எடை குறைத்து விற்ற கடைக்காரரைப் பிடிக்கிறோம். 4 ஜிபியை 12 ஜிபி என்று பெரிய எழுத்தில் போட்டு, உண்மையைப் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஒளித்து வைப்பவரை என்ன செய்கிறோம்? உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சு இந்தக் கூட்டல் குறியை ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். மற்ற எண்கள் எப்படியும் போகட்டும், பற்றவைத்த நினைவகம் எவ்வளவு என்பது முகப்பில், முதல் எண்ணாக இருக்க வேண்டும்.

ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், தட்டைக்கணினியில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. பழைய மேசைக்கணினியில் பின்னால் ஒரு துண்டைச் செருகிக் கூட்டிக்கொண்டோமே, அது இங்கே நடக்காது. வாங்கிய நாளில் எவ்வளவோ, கருவி சாகும் நாளிலும் அவ்வளவுதான். அதோடு 2025 இறுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. செயற்கை அறிவு மையங்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. மைக்ரான் நிறுவனம் குரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த நினைவகத் தொழிலையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. மலிவுக் கருவி தயாரிப்பவர்கள் இனி உண்மை நினைவகத்தைக் குறைத்து, கூட்டல் குறிக்குப் பின்னால் உள்ள எண்ணைப் பெருக்குவார்கள் என்றே எனக்குப் படுகிறது.

ஆகவே இன்று யாராவது கேட்டால் இப்படிச் சொல்வேன். மேசைக்கணினி வேலைக்கென்று 4 ஜிபி தட்டைக்கணினியைப் புதிதாக வாங்காதீர்கள், அதில் விண்டோஸ் 11 ஏற்கெனவே போட்டிருந்தாலும் சரி. அந்தப் பணத்தோடு நூறு, இருநூறு ரிங்கிட் சேர்த்து, அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய மடிக்கணினியைத் தேடுங்கள். 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாத, ஆனால் 8 ஜிபியும் வேகமான சேமிப்பகமும் உள்ள மடிக்கணினிகள் இன்று கழிக்கப்படுகின்றன. லினக்ஸ் போட்டால் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். பழைய கருவிகளில் பலவற்றில் நினைவகத்தைக் கூட்டவும் முடியும். வாங்கும் முன் மின்கலத்தை மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் 2 ஜிபி, 4 ஜிபி கருவியைத் தூக்கிப் போடவும் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று வைத்துக்கொண்டால் அது இன்னும் உழைக்கும். ஆண்ட்ராய்டு கருவியை ஆண்ட்ராய்டாகவே விடுங்கள். அது அந்த அளவு நினைவகத்தோடு வாழப் பழகியது. மேசைக்கணினி இயங்குதளம் உள்ள பழைய கருவியில் எழுத்து வேலையை மட்டும் செய்யுங்கள், உலாவியைத் திறக்காமல்.

தங்கை வாங்கியதைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள் என்று விற்றவர் மறுத்துவிட்டார். இப்போது பிள்ளையின் மேசையில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. புதிய தட்டைக்கணினியில் ஆசிரியர் அனுப்பும் காணொளிகளையும் இணையப் பக்கங்களையும் பார்க்கிறாள். அதன் பக்கத்தில் என் பழைய 2 ஜிபி கருவி, அதன் காந்த விசைப்பலகையோடு. அதில் லிப்ரே ஆபிஸ் மட்டும். எழுதி முடித்ததை வேர்ட் வடிவத்தில் சேமித்துக் குச்சியில் எடுத்துக்கொண்டு போகிறாள். இடுபணி 14 பக்கம் வந்திருக்கிறதாம். “மாமா, படம் சேர்த்தா கொஞ்சம் ஸ்லோ ஆகுது” என்று நேற்றிரவு செய்தி அனுப்பியிருந்தாள். படங்களைக் கடைசியில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.